ஜெர்மனிய வரலாற்றில் நவம்பர் 9

நவம்பர் 9 சாதாரண ஆண்டின் 313ஆவது நாள். லீப் ஆண்டில் 314ஆவது நாள். ஜெர்மனியின் வரலாற்றில் பெரும் திருப்பங்கள் பல இந்த ஒரே தேதியில் நிகழ்ந்துள்ளன. 1848இல் மக்களாட்சிக்காகப் போராடிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1918இல் மன்னராட்சி வீழ்ந்து குடியரசு அறிவிக்கப்பட்டது. 1923இல் ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி மியூனிக் நகரில் தோற்றது. 1938இல் நாடெங்கும் யூதர்களின் வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்டன. 1989இல் பெர்லின் சுவர் திறந்தது. இக்காரணத்தால் ஜெர்மானியர் இந்நாளை 'ஷிக்ஸால்ஸ்டாக்' என்று குறிப்பிடுகின்றனர். 'விதியின் நாள்' என்பது இதன் பொருள்.

பெயர் அவ்வாறு அமைந்திருப்பினும், இந்நிகழ்வுகளை விதிதான் ஒரே நாளில் கொண்டுவந்து சேர்த்தது என்று கூற முடியாது. இவற்றுள் சில தற்செயலாக ஒரே தேதியில் அமைந்தவை. சில, முந்தைய நிகழ்வின் நினைவு நாளை மனிதர் பயன்படுத்திக் கொண்டதால் விளைந்தவை. இந்த வேறுபாட்டை அறிந்தால்தான், ஜெர்மனி தன் தேசிய நாளாக நவம்பர் 9ஐ ஏற்காமல் அக்டோபர் 3ஐத் தேர்ந்தெடுத்தது ஏன் என்பது விளங்கும்.

1848: ராபர்ட் புளூமின் மரணம்

1848ஆம் ஆண்டு ஐரோப்பாவின் பல நாடுகளில் புரட்சி வெடித்தது. அப்போது ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. அவற்றை ஒன்றிணைத்து ஓர் அரசியலமைப்பை உருவாக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட தேசிய மன்றம் 1848 மே 18 அன்று பிராங்க்பர்ட் நகரின் புனித பவுல் தேவாலயத்தில் கூடியது. அதில் இடதுசாரி உறுப்பினர்களின் தலைவராக விளங்கியவர் ராபர்ட் புளூம். இவர் 1807இல் கொலோன் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். லைப்சிக் நகரில் நாடகக் கொட்டகை ஒன்றில் பணிபுரிந்தார். பின்னர் பதிப்பாளராகவும் சிறந்த பேச்சாளராகவும் புகழ்பெற்றார்.

1848 அக்டோபரில் வியன்னா நகர மக்கள் ஆஸ்திரியப் பேரரசை எதிர்த்து எழுந்தனர். அவர்களுக்கு ஆதரவு தெரிவிக்க புளூம் அங்கு சென்றார். நகரைப் பேரரசின் படை சூழ்ந்தபோது மக்களோடு நின்று போரிட்டார். அக்டோபர் 31 அன்று நகரம் வீழ்ந்தது. புளூம் கைது செய்யப்பட்டு இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். தேசிய மன்ற உறுப்பினருக்குரிய சட்டப் பாதுகாப்பு தமக்கு உண்டு என்று அவர் வாதிட்டது ஏற்கப்படவில்லை. நவம்பர் 9 அன்று காலை அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அவருக்கு 41ஆவது பிறந்த நாள்.

மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினரை மன்னரின் படை கொல்ல முடியும் என்பதையும், அதைத் தடுக்கும் வலிமை மன்றத்துக்கு இல்லை என்பதையும் இந்நிகழ்வு வெளிப்படுத்தியது. 1849இல் மன்றம் அரசியலமைப்பை நிறைவேற்றியது. ஆனால் அது அளிக்க முன்வந்த மணிமுடியைப் பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடெரிக் வில்லியம் ஏற்க மறுத்தார். ஜெர்மனியில் மக்களாட்சி மலர மேலும் 70 ஆண்டுகள் ஆயின.

1918: ஒரே நாளில் இரண்டு குடியரசு அறிவிப்புகள்

முதல் உலகப் போரில் ஜெர்மனியின் தோல்வி 1918 இலையுதிர் காலத்தில் உறுதியாயிற்று. அந்நிலையிலும் பிரித்தானியக் கடற்படையோடு மோதப் புறப்படுமாறு கடற்படைத் தலைமை அக்டோபர் இறுதியில் ஆணையிட்டது. வீணாக உயிரிழக்க விரும்பாத மாலுமிகள் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் கீழ்ப்படிய மறுத்தனர். நவம்பர் 3இல் கீல் நகரில் அது கிளர்ச்சியாக மாறியது. சில நாட்களிலேயே தொழிலாளர், படைவீரர் மன்றங்கள் நகரம் நகரமாக அதிகாரத்தைக் கைப்பற்றின.

நவம்பர் 9 அன்று பெர்லின் நகரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தெருவில் இறங்கினர். பேரரசர் இரண்டாம் வில்லியம் அப்போது பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் இருந்த படைத் தலைமையகத்தில் இருந்தார். முடிதுறக்க அவர் தயங்கிக் கொண்டிருந்தபோதே, தலைமையமைச்சர் இளவரசர் மாக்ஸ், பேரரசர் முடிதுறந்துவிட்டார் என்று நண்பகல் வேளையில் அறிவித்தார். தம் பதவியைச் சமூக சனநாயகக் கட்சித் தலைவர் பிரெடெரிக் ஏபர்ட்டிடம் ஒப்படைத்தார்.

பிற்பகல் 2 மணியளவில் அதே கட்சியைச் சேர்ந்த பிலிப் ஷைடமன் நாடாளுமன்றக் கட்டடத்தின் சாளரத்தில் நின்று ஜெர்மனி குடியரசாகிவிட்டது என்று அறிவித்தார். அரசின் வடிவத்தை அரசியலமைப்பு மன்றமே முடிவு செய்ய வேண்டும் என்று கருதிய ஏபர்ட் இதனால் சினம் கொண்டார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து, பெர்லின் அரண்மனைப் பகுதியில் கார்ல் லீப்னெக்ட் 'சுதந்திர சோசலிசக் குடியரசு' பிறந்ததாக அறிவித்தார். ஆக, குடியரசு பிறந்த நாளிலேயே அது எத்தகைய குடியரசு என்ற பூசலும் பிறந்தது. 1919 சனவரி 15 அன்று லீப்னெக்ட்டும் ரோசா லக்சம்பர்க்கும் அரசு சார்பில் போரிட்ட படையினரால் கொல்லப்பட்டனர்.

எனினும் இப்புரட்சியின் பயன்கள் சிறியவை அல்ல. பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1919 சனவரி 19 தேர்தலில் அவர்கள் முதன்முறையாக நாடு முழுவதும் வாக்களித்தனர். 1919 ஆகஸ்டில் வைமர் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது.

பழிச்சொல்லாக மாறிய நாள்

1918 நவம்பர் 11 அன்று போர் நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. புரட்சி நடந்து இரண்டே நாட்களில் போர் முடிந்ததால், அவ்விரண்டையும் இணைத்து ஒரு பொய்க்கதை பரப்பப்பட்டது. போர்க்களத்தில் ஜெர்மனியப் படை தோற்கவில்லை, உள்நாட்டில் இருந்த புரட்சியாளரும் அரசியல்வாதிகளும் யூதரும் அதன் முதுகில் குத்திவிட்டனர் என்பதே அக்கதை. உண்மையில், போர் நிறுத்தம் உடனே வேண்டும் என்று 1918 செப்டம்பர் இறுதியிலேயே வற்புறுத்தியவர்கள் படைத் தளபதிகளே.

குடியரசை உருவாக்கியவர்களையும் உடன்பாட்டில் கையெழுத்திட்டவர்களையும் வலதுசாரிகள் 'நவம்பர் குற்றவாளிகள்' என்று தூற்றினர். உடன்பாட்டில் கையெழுத்திட்ட மத்தியாஸ் எர்ஸ்பெர்கர் 1921இல் கொல்லப்பட்டார். இடதுசாரிகளில் ஒரு பகுதியினரோ, நவம்பர் 9ஐக் காட்டிக் கொடுக்கப்பட்ட புரட்சியின் நாளாக நினைத்து வருந்தினர். இதன் விளைவாக, குடியரசு தன் பிறந்த நாளை நாடு முழுவதற்குமான விழாவாகக் கொண்டாட இயலவில்லை. அரசியலமைப்பு கையெழுத்தான ஆகஸ்டு 11ஐயே அது சிறப்பு நாளாகக் கொண்டது. உரியவர்கள் கொண்டாடாமல் விட்ட நவம்பர் 9ஐக் குடியரசின் பகைவர்கள் எடுத்துக் கொண்டனர்.

1923: மியூனிக் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி

1923இல் ஜெர்மனியின் பொருளாதாரம் சீர்குலைந்திருந்தது. சனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் தொழில் பகுதியைக் கைப்பற்றின. பணமதிப்பு வீழ்ந்து, நவம்பரில் ஓர் அமெரிக்க டாலரின் விலை 4 லட்சம் கோடி மார்க்கைக் கடந்தது. முசோலினி முந்தைய ஆண்டு ரோம் நகர் நோக்கிப் பேரணி நடத்தி ஆட்சியைப் பிடித்திருந்தார். அதைப் போலவே தாமும் பெர்லின் நோக்கிச் செல்லலாம் என்று ஹிட்லர் எண்ணினார்.

நவம்பர் 8 மாலை, மியூனிக் நகரின் பெரிய பீர் அரங்கு ஒன்றில் பவேரிய ஆட்சியாளர் குஸ்தாவ் ஃபான் கார் உரையாற்றிக் கொண்டிருந்தார். குடியரசு தோன்றிய ஐந்தாம் ஆண்டு நிறைவை ஒட்டி நடந்த கூட்டம் அது. ஹிட்லர் தம் ஆயுதப் படையினருடன் நுழைந்து கூரையை நோக்கிச் சுட்டு, அரசு கவிழ்ந்தது என்று அறிவித்தார். துப்பாக்கி முனையில் ஒப்புதல் அளித்த கார், வெளியே வந்ததும் அதை மறுத்து, கிளர்ச்சியை ஒடுக்க ஆணையிட்டார்.

மறுநாள் நவம்பர் 9 நண்பகலில் ஹிட்லரும் தளபதி லூடன்டார்ஃபும் ஏறத்தாழ 2,000 பேருடன் நகர மையம் நோக்கிப் பேரணியாகச் சென்றனர். ஓடியன் சதுக்கத்தின் அருகே பவேரியக் காவல்துறை அவர்களைத் தடுத்தது. துப்பாக்கிச் சூட்டில் காவலர் நால்வர் உயிரிழந்தனர். மறுபுறம் உயிரிழந்தோரை நாஜிக் கட்சி 16 பேர் என்று கணக்கிட்டது. தப்பியோடிய ஹிட்லர் இரு நாட்களில் பிடிபட்டார். தேசத் துரோகக் குற்றத்துக்கு அவருக்குக் கிடைத்தது ஐந்தாண்டுச் சிறை மட்டுமே. அதிலும் 1924 டிசம்பர் 20 அன்றே விடுதலையானார். வழக்கு நடந்த நாட்களில் நீதிமன்றத்தையே அவர் தம் பிரசார மேடையாக்கிக் கொண்டார். அந்த மேடையில் அவர் குற்றம் சுமத்தியது 1918 நவம்பரில் குடியரசை உருவாக்கியவர்களை.

1933இல் ஆட்சிக்கு வந்த பின் நாஜிகள் இந்தத் தோல்வியை வீரவரலாறாக மாற்றினர். ஆண்டுதோறும் நவம்பர் 8 மாலை அதே பீர் அரங்கில் ஹிட்லர் பேசுவார். மறுநாள் 1923 பேரணி சென்ற வழியில் ஊர்வலம் நடைபெறும். இறந்த 16 பேரும் 'இயக்கத்தின் தியாகிகள்' எனப் போற்றப்பட்டனர். இவ்வாறு, நாஜித் தலைவர்கள் அனைவரும் ஆண்டுதோறும் ஒரே நகரில், ஒரே இரவில் கூடும் வழக்கம் ஏற்பட்டது. அந்த வழக்கமே அடுத்த பேரழிவுக்கு வாய்ப்பானது.

1938: வழிபாட்டிடங்கள் எரிந்த இரவு

1938 அக்டோபர் இறுதியில், ஜெர்மனியில் வாழ்ந்த போலந்து நாட்டு யூதர் ஏறத்தாழ 17,000 பேரை நாஜி அரசு வீடுகளிலிருந்து வெளியேற்றி எல்லைக்கு விரட்டியது. போலந்தும் அவர்களை உள்ளே விட மறுத்ததால் பலர் எல்லையில் தவித்தனர். அவர்களில் ஒரு குடும்பத்தின் மகன் ஹெர்ஷல் கிரின்ஸ்பான், வயது 17, பாரிஸ் நகரில் இருந்தான். செய்தியறிந்த அவன் நவம்பர் 7 அன்று அங்குள்ள ஜெர்மனியத் தூதரகத்துக்குச் சென்று எர்ன்ஸ்ட் ஃபோம் ராத் என்ற அதிகாரியைச் சுட்டான். அவர் நவம்பர் 9 அன்று மாலை இறந்தார்.

அச்செய்தி மியூனிக் நகருக்கு எட்டியபோது, 1923 நினைவு நாளுக்காக நாஜித் தலைவர்கள் பழைய நகர மன்றத்தில் விருந்துக்குக் கூடியிருந்தனர். ஹிட்லரிடம் பேசிய பின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் வெறியூட்டும் உரை நிகழ்த்தினார். கூடியிருந்த மாவட்டத் தலைவர்கள் தொலைபேசி வழியே தத்தம் பகுதிகளுக்கு உத்தரவிட்டனர். அன்றிரவும் மறுநாளும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 1,400க்கு மேற்பட்ட யூத வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்டன அல்லது சிதைக்கப்பட்டன. ஏறத்தாழ 7,500 கடைகள் சூறையாடப்பட்டன. தீயணைப்புப் படையினர் பக்கத்துக் கட்டடங்களுக்குத் தீ பரவாமல் மட்டும் பார்த்துக் கொண்டனர். ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் டாகாவ், பூகன்வால்ட், சாக்சன்ஹவுசன் வதைமுகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அரசு ஒப்புக்கொண்ட உயிரிழப்பு 91. முகாம்களில் இறந்தவர்களையும் தற்கொலை செய்து கொண்டவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை பல மடங்காகும்.

நவம்பர் 12 அன்று, நடந்த அழிவுக்கு யூதர்களே 100 கோடி ரைக்ஸ்மார்க் தண்டம் கட்ட வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. அவர்களுக்கு வரவேண்டிய காப்பீட்டுத் தொகையையும் அரசே எடுத்துக் கொண்டது. தெருக்களில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைக் கொண்டு 'படிக இரவு' என்ற பெயர் வழங்கியது. நடந்த கொடுமையை அழகுபடுத்துவதாக அப்பெயர் உள்ளதால், ஜெர்மனியில் இன்று 'இனவெறித் தாக்குதல் இரவு' என்ற பொருள் தரும் பெயரையே பலரும் பயன்படுத்துகின்றனர்.

அடுத்த ஆண்டு இதே நினைவு நாளை வேறொருவர் வேறு விதமாகப் பயன்படுத்த முயன்றார். ஹிட்லர் தவறாமல் வந்து பேசும் இடமும் நாளும் தெரிந்திருந்ததால், கேயார்க் எல்சர் என்ற தச்சர் பீர் அரங்கின் தூணுக்குள் வெடிகுண்டு வைத்தார். 1939 நவம்பர் 8 இரவு குண்டு வெடித்தது. ஹிட்லர் 13 நிமிடங்களுக்கு முன்பே புறப்பட்டுவிட்டதால் தப்பினார். எட்டுப் பேர் இறந்தனர். எல்சர் 1945 ஏப்ரலில் டாகாவ் முகாமில் கொல்லப்பட்டார்.

1989: பெர்லின் சுவர் திறந்த இரவு

1961 ஆகஸ்டு 13இல் எழுப்பப்பட்ட சுவர் பெர்லின் நகரை 28 ஆண்டுகள் பிரித்து வைத்திருந்தது. அதைக் கடக்க முயன்றும் பிற வகையிலும் குறைந்தது 140 பேர் அங்கே உயிரிழந்தனர். 1989 செப்டம்பரில் ஹங்கேரி தன் எல்லையைத் திறந்துவிட, கிழக்கு ஜெர்மானியர் ஆயிரக்கணக்கில் மேற்கே சென்றனர். உள்நாட்டில் எதிர்ப்பு வளர்ந்தது. அக்டோபர் 9 அன்று லைப்சிக் நகரில் ஏறத்தாழ 70,000 பேர் அமைதியாகப் பேரணி சென்றனர். காவல்துறை அவர்களைச் சுடவில்லை. ஒன்பது நாட்களில் அரசின் தலைவர் ஹோனக்கர் பதவி விலகினார்.

மக்களை அமைதிப்படுத்தப் புதிய அரசு பயண விதிகளைத் தளர்த்த முடிவு செய்தது. நவம்பர் 10 காலையில் வெளியிடப்பட வேண்டிய அறிவிப்பு, ஆளுங்கட்சியின் செய்தித் தொடர்பாளர் குண்டர் ஷபோவ்ஸ்கியிடம் நவம்பர் 9 மாலையே தரப்பட்டது. அது முடிவான வேளையில் அவர் கூட்டத்தில் இல்லை, விவரமும் அறிந்திருக்கவில்லை. தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பான செய்தியாளர் சந்திப்பின் முடிவில், 7 மணி ஆகும் தறுவாயில், அவர் அந்தத் தாளைப் படித்தார். எப்போது நடைமுறைக்கு வரும் என்று கேட்டதற்கு, தாளைப் புரட்டிப் பார்த்து, தமக்குத் தெரிந்தவரை உடனடியாக என்று பதிலளித்தார்.

செய்தி பரவியதும் மக்கள் எல்லைச் சாவடிகளுக்குத் திரண்டனர். காவலர்களுக்கு எந்த உத்தரவும் வந்திருக்கவில்லை. போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் பொறுப்பில் இருந்த அதிகாரி ஹரால்ட் யேகர், மேலிடத்திலிருந்து தெளிவான பதில் கிடைக்காத நிலையில், இரவு 11.30 மணியளவில் தடுப்பைத் திறக்கச் செய்தார். ஒரு துப்பாக்கிக் குண்டும் வெடிக்காமல் சுவர் தன் பொருளை இழந்தது. 1990 அக்டோபர் 3 அன்று இரு ஜெர்மனிகளும் இணைந்தன.

தற்செயலும் தொடர்ச்சியும்

ஒரே தேதியில் நிகழ்ந்தவற்றைப் பட்டியலிடும்போது, அவற்றுக்கு இடையே காரண காரியத் தொடர்பு உண்டா என்று பார்ப்பது இன்றியமையாதது. தமிழகத்துக்கு அறிமுகமான ஒரு நிகழ்வே இதற்கு எடுத்துக்காட்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தைத் தாக்கி எண்ணெய்க் கிடங்குகளை எரித்த ஜெர்மனியப் போர்க்கப்பல் எம்டன். அந்த அச்சத்தின் நினைவாகவே 'எம்டன்' என்ற சொல் தமிழில் வழக்குக்கு வந்தது. அக்கப்பலை ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி கோகோஸ் தீவுகளின் அருகே தாக்கி அழித்ததும் ஒரு நவம்பர் 9தான், ஆண்டு 1914. இதற்கும் மேற்கூறிய நிகழ்வுகளுக்கும் தேதியைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை.

1848, 1918 ஆகிய இரண்டும் ஒரே தேதியில் அமைந்ததும் தற்செயலே. 1989ஆம் ஆண்டின் தேதியை முடிவு செய்தது ஓர் அதிகாரியின் தடுமாற்றம். ஆனால் 1918, 1923, 1938 ஆகிய மூன்றும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். குடியரசின் மீது வளர்த்த வெறுப்பு 1923 முயற்சிக்கு வழிவகுத்தது. அதன் நினைவுக் கூட்டமே 1938 வன்முறையைத் தொடங்கி வைத்த இடமாயிற்று. இவை விதியால் நிகழ்ந்தவை அல்ல. பேசியவர்கள், உத்தரவிட்டவர்கள், தீ வைத்தவர்கள், பார்த்துக் கொண்டு நின்றவர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர்கள் உண்டு. 'விதியின் நாள்' என்னும் பெயர் அந்தப் பொறுப்பை மறைத்துவிடும் என்பதால், வரலாற்றறிஞர் சிலர் அப்பெயரை ஏற்பதில்லை.

தேசிய நாள் ஆகாத காரணம்

இணைப்புக்குப் பின் நவம்பர் 9ஐத் தேசிய நாளாக்கலாம் என்ற கருத்து எழுந்தது. சுவர் திறந்த மகிழ்ச்சியும் முதல் குடியரசின் பிறப்பும் அந்நாளுக்கு உரியவையாக இருந்தன. ஆயினும் வழிபாட்டிடங்கள் எரிந்த நாளில் வாணவேடிக்கை நடத்துவது பொருந்தாது என்று கருதப்பட்டது. எனவே இணைப்பு நடைமுறைக்கு வந்த அக்டோபர் 3 தேசிய விடுமுறை நாளாயிற்று.

இந்நாளை நினைவுகூர்வது எவ்வளவு நுட்பமானது என்பதை 1988இல் நடந்த நிகழ்வு காட்டியது. 1938 வன்முறையின் 50ஆம் ஆண்டையொட்டி மேற்கு ஜெர்மனி நாடாளுமன்றத் தலைவர் பிலிப் யென்னிங்கர் நவம்பர் 10 அன்று உரையாற்றினார். நாஜிக் காலத்து மக்களின் மனநிலையை அவர் விளக்கிய விதம் அதற்கு இசைவு தருவது போல ஒலித்தது என்று கண்டனம் எழுந்தது. உறுப்பினர் பலர் வெளிநடப்புச் செய்தனர். மறுநாளே அவர் பதவி விலகினார்.

இன்று ஜெர்மனியில் நவம்பர் 9 விடுமுறை நாள் அன்று. ஆயினும் நாடெங்கும் நினைவுகூரப்படுகிறது. யூத வழிபாட்டிடங்களிலும், அவை இருந்து அழிந்த இடங்களிலும் கூட்டங்கள் நடைபெறுகின்றன. கொல்லப்பட்டோர் வாழ்ந்த வீடுகளின் முன் நடைபாதையில் பதிக்கப்பட்டுள்ள பித்தளை நினைவுக் கற்களை, மாணவர் உள்ளிட்ட பலர் துடைத்து மெருகேற்றி மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர். அதே நாளில் பெர்லின் நகரின் பெர்னாவர் தெருவில், எஞ்சியுள்ள சுவரின் அருகே 1989ஆம் ஆண்டின் நினைவு நிகழ்ச்சியும் நடைபெறுகிறது. 2018 நவம்பர் 9 அன்று குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையர் நாடாளுமன்றத்தில் 1918 குடியரசின் நூறாவது ஆண்டையும் 1938 வன்முறையின் 80ஆவது ஆண்டையும் ஒரே உரையில் நினைவுகூர்ந்தார். அந்தத் தேதியின் பெருமையையும் சிறுமையையும் சேர்த்தே சொல்லும் வழக்கமே இப்போது அங்கு நிலைபெற்றுள்ளது.